நான்கு ஆழாக்கு

என் வலது கைக்கு மட்டும் விஷயம் தெரியவில்லை. மற்ற எல்லாருக்கும் தெரியும். மகள் ஜெஸ்ஸி பிப்ரவரியில் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள் என்று தெரு முழுக்கத் தெரியும். மகன் ஹேமந்த் மே மாதம் கத்தாருக்கு விமானம் ஏறிவிட்டான் என்று மீஞ்சூர் மார்க்கெட்டில் என்னிடம் மீன் வாங்குகிறவர்களுக்குக்கூடத் தெரியும். ஆனால் காலையில் அரிசி மூட்டைக்குள் ஆழாக்கை விட்டால், கை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அளந்து முறத்தில் கொட்டிவிட்டுத்தான் நிற்கும். ஆளுக்கு ஓர் ஆழாக்கு. இருபது வருஷத்துக்கு மேற்பட்ட பழக்கம். கொட்டிய பிறகுதான் எனக்கு நினைவு வரும், வீட்டில் இருப்பது நானும் சாம்சனும் மட்டும் என்று.

அளந்ததைத் திரும்ப மூட்டையில் கொட்டினால் தீர்ந்தது. அதுதான் என்னால் முடியாது. நான் பிறந்தது கடலோரக் குப்பத்தில், வலைக்காரர் வீட்டில். அளந்து எடுத்த அரிசியைத் திரும்பக் கொட்டினால் கடலுக்குப் போனவர்கள் வெறுங்கையோடு வருவார்கள் என்று எங்கள் வீட்டில் ஒரு பயம். சாம்சனைக் கட்டிக்கொண்டு பழவேற்காட்டுக்கு வந்து ஞானஸ்நானம் வாங்கி இருபத்தாறு வருஷமாகிறது. அப்போது வைத்த புதுப்பெயர் சபை நோட்டோடு நின்றுவிட்டது. இன்றுவரை நான் சாமுண்டீஸ்வரிதான். பெயர் ஒட்டிக்கொண்ட மாதிரி அந்தப் பயமும் ஒட்டிக்கொண்டது. சாம்சனிடம் படகும் கிடையாது, வலையும் கிடையாது. மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனி கேட்டில் காவலுக்கு நிற்கிறார். கேட்டில் நிற்கிறவருக்கு வெறுங்கை என்ன, நிறைந்த கை என்ன? இருந்தாலும் கொட்ட மாட்டேன்.

அதனால் மிஞ்சிய இரண்டு ஆழாக்கும் கோயிலுக்கென்று வைத்த வாளிக்குள் போனது.

எங்கள் சபையில் கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலை வைப்பதற்கு முன்னால் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போட வேண்டும். போடும்போது மனசுக்குள் ஒரு வார்த்தை ஜெபம். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய், பீடத்துக்கு முன்னால் வைத்திருக்கும் பெரிய பேசினில் எல்லார் வீட்டு அரிசியோடும் சேர்த்துக் கொட்டுவோம். வழியில்லாத வீடுகளுக்கு அது பிரிந்து போகும். அவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எனக்குக் கல்யாணமான புதிதில் சபைப் பெண்கள் ஒரு பால்பவுடர் டப்பாவைக் கொடுத்து இதைச் சொன்னார்கள். சரி, ஒரு பிடிதானே என்று போட ஆரம்பித்தேன்.

உண்மையைச் சொன்னால், கிறிஸ்தவளாக எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். பாட்டு மனப்பாடம் வராது. பிரசங்கத்தில் பாதி நேரம் தூங்கிவிடுவேன். ஆனால் அந்த ஒரு பிடியைப் போடும்போது ஒழுங்காகக் கேட்பேன். ஜெஸ்ஸிக்கு மஞ்சள்காமாலை வந்தபோது கேட்டேன். ஹேமந்த் கணக்கில் தேற வேண்டும் என்று மூன்று வருஷம் கேட்டேன். அவளுக்கு நர்சிங் சீட்டு, அப்புறம் வேலை, அப்புறம் குடிக்காத மாப்பிள்ளை. இவனுக்கு ஏ.சி. மெக்கானிக் படிப்பு, விசா, மெடிக்கல் டெஸ்ட். ஒவ்வொரு பிடியும் ஒரு மனு.

எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார். அதுதான் பிரச்சினை. ஹேமந்த் ஏறிய விமானம் போன மறுநாள் காலை ஒரு பிடி அரிசியை எடுத்துக்கொண்டு நின்றேன், கேட்பதற்கு ஒன்றும் இல்லை. எனக்காக என்ன கேட்பது என்று தெரியவில்லை. பழக்கம் இல்லை. சும்மா போட்டேன். பிறகு தினமும் சும்மாதான் போட்டேன்.

அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்னவோ. பக்கத்து வீட்டு அமுதவல்லி, மகளைத் திருப்பாலைவனத்துக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு ஒரு வாரம் அழுதாள். திருப்பாலைவனம் பஸ்ஸில் அரைமணி நேரம். நான் இரண்டு பிள்ளைகளை அனுப்பிவிட்டு மறுநாளே மீன் எடுக்கப் போனேன். பாலம் தாண்டி, லைட்ஹவுஸ் போகிற ரோட்டில் படகு வந்து நிற்கும் இடம் இருக்கிறது. காலையில் அங்கே போய் மடவையோ கெளங்கானோ ஏலத்தில் எடுத்து, அன்னக்கூடையில் ஐஸ் போட்டு, மீஞ்சூர் பஸ் ஏறுவேன். மத்தியானம் விற்றுவிட்டு வருவேன். நடந்தேன், பேரம் பேசினேன், சிரிக்கிற இடத்தில் சிரித்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. பல் பிடுங்கும்போது ஊசி போட்டால் கன்னம் இருப்பதே தெரியாதே, அந்த மாதிரி உடம்பு முழுக்க இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹேமந்த் வீடியோவில் வருவான். பாதி நேரம் அவன் ரூம் மின்விசிறிதான் தெரியும்.

"சாப்ட்டியாமா?"

"சாப்ட்டேன். நீ?"

"சாப்ட்டேன். நைனா எங்க?"

"கீறாரு. இந்தா பேசு."

சாம்சன் போனை வாங்கி, "சாப்ட்டியா?" என்பார். நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டுவிட்டோம் என்பது உறுதியானதும் வைத்துவிடுவோம். ஜெஸ்ஸி கூப்பிட்டாலும் அதே பேச்சுத்தான். கோயம்புத்தூரில் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்பது மட்டும் கூடுதல்.

ஜூன் மாதக் கடைசி ஞாயிறு வந்தபோது பால்பவுடர் டப்பா போதவில்லை. சாம்சன் கம்பெனியில் காலியான பெயிண்ட் வாளி ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்திருந்தார், அதுவும் நிறைந்துவிட்டது. ஒரு துணிப்பையில் கட்டித் தலையில் வைத்துக் கொண்டுபோனேன். மற்றப் பெண்கள் கிண்ணத்திலும் பாலித்தீன் கவரிலும் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பையை இறக்கியதும் பாஸ்டரம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"சிஸ்டர், இது எவ்ளோ இருக்கும்?"

"தெரியலமா. ஒம்போது, பத்து கிலோ இருக்கும்."

"ஒரே வீட்டு அரிசியா?"

"ஆமா."

பேசினில் இடம் இல்லை. பையை அவிழ்க்காமல் அப்படியே ஓரமாக வைக்கச் சொன்னார். ஆராதனை முடிவில் பாஸ்டர் எழுந்து, பிள்ளைகள் இரண்டு பேரையும் நல்ல நிலைக்குக் கொண்டுவந்த தேவனுக்கு நன்றியாக ஒரு சகோதரி இப்படிச் செய்திருக்கிறார் என்று என்னைக் கைகாட்டினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதே எழுந்து, ஐயா, அது நன்றியும் இல்லை ஒன்றும் இல்லை, கை மறந்துபோய் அளந்தது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறக்கும் அளவுக்குக்கூட எனக்கு அக்கறை இல்லை. உட்கார்ந்திருந்தேன்.

ஜூலையிலும் ஒரு பை போனது. ஆகஸ்டிலும் போனது. செப்டம்பரில் பெண்கள் கூட்டத்தில் எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். போன வருஷம்வரை மின்விசிறி இல்லாத மூலையில் இருந்தவள் நான். சிலர் ஜெபத்துக்கு என்னிடம் பெயர் எழுதிக் கொடுத்தார்கள், நான் ஜெபித்தால் கேட்கப்படுமாம். அந்தச் சீட்டுகளை மீன் பைக்குள் வைத்துக்கொண்டு மீஞ்சூர் போய் வந்தேன். ஒன்றுக்கும் ஜெபிக்கவில்லை.

அக்டோபர் கடைசியில் அறுப்பின் பண்டிகை. அதற்கு ஒரு வாரம் முன்னால் பாஸ்டரம்மா வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சிஸ்டர், பண்டிகை அன்னிக்கு நீங்க சாட்சி சொல்லணும். ஆண்டவர் எப்படி உங்க இருதயத்துல பேசினார், இவ்ளோ கொடுக்கணும்னு எப்படித் தோணுச்சுன்னு. அஞ்சு நிமிஷம் போதும்."

அவர் போன பிறகு சாம்சனிடம் சொன்னேன். சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"அதான் கேக்கறாங்க இல்ல, ரெண்டு வார்த்த சொல்லிட்டு வாயேன்."

"இன்னாத்த சொல்றது? கைக்குப் புத்தி இல்லன்னா?"

அவர் பொத்தான் போடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். தினமும் நான் நான்கு அளப்பதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒருநாளும் கேட்டதில்லை.

பண்டிகை அன்று கோயில் வாசலில் வாழைமரம், உள்ளே பூசணிக்காய், கரும்பு, இரண்டு கோழி, ஒரு பெரிய கொடுவா மீன். எல்லாம் ஏலத்துக்கு வந்தவை. மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள். போய் நின்றேன். ஐந்து நிமிஷம் பேச என்னிடம் எதுவும் இல்லை. பொய் சொல்லவும் தெம்பு வேண்டும், அதுவும் இல்லை. அதனால் இருந்ததைச் சொன்னேன்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் ஒண்ணும் வேணும்னு குடுக்கல. எங்க வூட்ல நாலு பேரு. இப்போ ரெண்டு பேருதான். ஆனா கை நாலு பேருக்கே அளக்குது. அளந்தத திரும்பக் கொட்டக் கூடாது, அது எங்க அம்மா வூட்டுப் பழக்கம். மிச்சத்த இங்க கொண்டாந்தேன். அவ்ளோதான். பசங்க போனதுலருந்து நான் ஜெபமே பண்ணல."

மைக் ஒருமுறை வீலென்று கத்தியது. பின்வரிசையில் யாரோ சிரித்து, இருமுவது போல மாற்றிக்கொண்டார்கள். பாஸ்டரம்மா சட்டென்று ஒரு பாட்டைத் தொடங்கினார், எல்லாரும் நிம்மதியாகப் பாடினார்கள். நான் முன்வரிசைக்குப் போகாமல் பழைய மூலையில் போய் உட்கார்ந்தேன். வெட்கமாக இருக்க வேண்டும். இல்லை. கொடுவா மீனுக்கு ஏலம் நடந்தபோது, இதை மீஞ்சூரில் துண்டு போட்டால் யார் யார் வாங்குவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை மழை தூறிக்கொண்டிருந்தது. அரிசி மூட்டைக்குள் ஆழாக்கை விட்டேன். ஒன்று. இரண்டு. கை நின்றுவிட்டது.

முறத்தைப் பார்த்தேன். இவ்வளவுதானா என்று இருந்தது. முறத்தின் முக்கால்வாசி வெறும் மூங்கிலாகத் தெரிந்தது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை, நிறுத்தவில்லை. கை தானாக நின்றது. மைக்கில் ஊருக்கே சொன்னதை அதுவும் கேட்டுக்கொண்டது போலிருக்கிறது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் பிப்ரவரியிலும் போகவில்லை, மே மாதத்திலும் போகவில்லை. அன்றுதான் போனார்கள். ஆழாக்கை மடியில் வைத்துக்கொண்டு மீஞ்சூர் பஸ் போகிற சத்தம் கேட்கும்வரை உட்கார்ந்திருந்தேன். அன்று மீன் எடுக்கப் போகவில்லை.

அதன் பிறகு நவம்பர் முழுக்க இரண்டு இரண்டாகவே அளந்தேன். ஒரு பிடி டப்பாவுக்குப் போனது, அவ்வளவுதான். பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துக் குளியலறையில் வைத்துவிட்டேன். இனி எதற்கு எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிறோம் என்று ஒவ்வொரு காலையும் தோன்றும். சாம்சனுக்கு டிபன் பாக்ஸ் வேண்டுமே, அதற்காக என்று எழுந்திருப்பேன். அவரே ஒருநாள், "கம்பெனி கேன்டீன்லயே துன்னுக்கறேன்மே, நீ ரெஸ்ட் எடு" என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார். இருக்கிற ஒரு காரணத்தையும் பிடுங்குகிறாரே என்று எனக்குப் பட்டது. வேண்டாம் என்றுவிட்டேன்.

நவம்பர் கடைசி ஞாயிறு என் அரிசி ஒரு கிண்ணத்துக்குள் அடங்கியது. பேசினில் கொட்டினேன், எல்லாவற்றோடும் கலந்தது. வெளியே வரும்போது பாஸ்டரம்மா கூப்பிட்டார். அறுப்பின் பண்டிகைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல்முறை. திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"சிஸ்டர், ஒரு உதவி. பாஸ்டருக்கு சிக்குன்குனியா. வண்டி எடுக்க முடியல. நீங்க மீன் எடுக்க லைட்ஹவுஸ் பக்கம்தானே போறீங்க? எல்லப்பன்னு ஒருத்தர், அந்த ரோட்டுலயே குப்பத்துல இருக்காரு. இந்த அரிசிப் பைய அவர் வீட்ல கொடுத்துடுறீங்களா?"

சரி என்றேன். மறுக்கக் காரணம் தேடுவது கொடுப்பதைவிடப் பெரிய வேலை.

திங்கட்கிழமை காலை போனேன். மழைக்கு ஏரி ரோட்டோரம்வரை நிரம்பிக் கிடந்தது. எல்லப்பன் வீடு, சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் கடைசி. அறுபது வயதிருக்கும். படகுக்குப் போய்க்கொண்டிருந்தவர், சர்க்கரையில் இடது காலை முட்டிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். மனைவி இல்லை. மகன் எண்ணூரில் குடும்பத்தோடு இருக்கிறான், பொங்கலுக்குப் பொங்கல் வருவானாம். தரையில் சின்ன கேஸ் அடுப்பு, எட்டுகிற தூரத்தில் குடம், தட்டு, உப்பு டப்பா. உட்கார்ந்தபடியே சமைக்கிறவருடைய சமையலறை அது.

"இன்னாமா, பாஸ்டர் வர்ல?"

"அவுருக்கு சிக்குன்குனியாண்ணா. ரெண்டு முட்டியும் வீங்கிக் கெடக்கறாரு."

"எனக்கு வந்தா ஒண்ணுதான் வீங்கும்" என்று சொல்லிவிட்டுப் பையை இழுத்து முடிச்சை அவிழ்த்தார். கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்து, வாசல் வெளிச்சத்தில் உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"இது அந்த அரிசி இல்லியே."

"எந்த அரிசி?"

"அஞ்சு மாசமா வந்துச்சே. ஒரே அரிசி. இத பாரு, இது பொன்னி, இது ரேசன், இது பச்சரிசி, இது இன்னா எழவுன்னே தெர்ல. எல்லாத்தயும் ஒரே ஒலையில போட்டா பச்சரிசி கொழஞ்சு கஞ்சியா பூடும், ரேசன் அரிசி கல்லு மாரி நிக்கும். அதுவும் வேகட்டும்னு வுட்டா கேஸு தீந்து பூடும். வேகாமத் துன்னா வவுத்து நோவு. நாலு நாளிக்கு எழுந்துக்க முடியாது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஏழு மாதமாகக் கோபம்கூட வராமல் இருந்தவளுக்கு, ஒரு பை அரிசிக்கு வந்தது.

"ஓசில வர்ற அரிசிக்கு இவ்ளோ நொட்ட சொல்றியே. வூடு வூடா ஒவ்வொரு புடியா எடுத்து வெக்கறாங்க, தெரியுமா?"

"ஓசிதான். யாரு இல்லன்னா? வவுறு என்னுதாச்சே."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அரிசியைப் பைக்குள் திரும்பப் போட்டுவிட்டுக் கையைத் தட்டினார்.

"முன்ன ஒருத்தி அனுப்பறான்னு பாஸ்டர் சொல்வாரே, அவ இன்னா ஆனா? செத்துட்டாளா?"

கூடையை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றேன். அவர் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"இல்லண்ணா" என்றேன். "இருக்கறா."

"அப்போ வூட்ல கஷ்டமா?"

"கஷ்டம்லாம் இல்ல. புள்ளைங்க வெளியூர் பூட்டாங்க. அளவு கொறஞ்சிடுச்சு."

"நல்லா கீறாங்களா புள்ளைங்க?"

"நல்லா கீறாங்க."

"அப்போ சரி. ஒவ்வொரு தபா பைய அவுக்கறப்பவும் எங்க அம்மனாண்ட சொல்லிக்கினு இருந்தேன், இத அனுப்பனவ புள்ள குட்டி நல்லா இருக்கணும்னு. பேரு தெரியாது. அரிசி அனுப்பனவன்னுதான் சொல்லுவேன். பலிச்சிருக்குது."

அவர் சுவரில் இருந்த அம்மன் படத்தைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். கணக்கு நேராகிவிட்டது என்பது போல இருந்தது அந்த ஆட்டல். நான் ஒன்றுமே கேட்காமல் சும்மா பிடி போட்டுக்கொண்டிருந்த அத்தனை நாளும், என் பிள்ளைகளுக்காக இந்த மனிதர் இங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என் கை அறியாமல் அளந்த அரிசி, கோயிலில் ஓரமாக வைத்த பை அவிழாமலே, வழி தெரிந்த மாதிரி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. யார் அனுப்பியது அதை? நான் அனுப்பவில்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். மைக்கில் வேறு சொல்லியிருக்கிறேன்.

பையை மறுபடி கட்டித் தூக்கிக்கொண்டேன்.

"ஏய், இன்னாமா, ஒரு வார்த்த சொன்னதுக்கு எடுத்துக்கினு போறியா?"

"வேற கொண்டாரேன்."

"எப்போ?"

"நாளைக்கு."

"ரேசன் வாணாம்மா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அன்று சாயங்காலம் அந்தக் கலப்பு அரிசியில் எங்கள் இரண்டு பேருக்கும் சமைத்தேன். பாதி குழைந்து, பாதி பல்லில் கடிபட்டது. சாம்சன் இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டுத் தட்டையே பார்த்தார்.

"இன்னாமே சோறு இது?"

"அந்தாளு சொன்னது சரிதான்" என்றேன்.

"எந்தாளு?"

சொன்னேன். காலைப் பற்றி, தரையில் இருக்கும் அடுப்பைப் பற்றி, வயிறு என்னுதாச்சே என்றது, செத்துட்டாளா என்று கேட்டது, எல்லாவற்றையும். பிள்ளைகள் போன பிறகு நாங்கள் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். செத்துட்டாளா என்ற இடத்தில் சாம்சன் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீ இன்னா சொன்ன?" என்று கேட்டார்.

"இருக்கறான்னு சொன்னேன்."

அவர் மிச்சச் சோற்றையும் கடித்து மென்று சாப்பிட்டு முடித்தார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. குளியலறையில் கவிழ்த்துக் கிடந்த பெயிண்ட் வாளியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தேன். எல்லப்பனுக்கு இந்த மாதத்துக்கு எங்கள் மூட்டையிலிருந்தே ஒரு பை எடுத்துக் கட்டி வைத்தாயிற்று. அடுத்த மாதத்துக்கு இன்றே தொடங்க வேண்டும்.

முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்று. இரண்டு. கை நின்றது. அது கற்றுக்கொண்டுவிட்டது, இனி மறக்காது. ஜெஸ்ஸிக்கும் ஹேமந்துக்கும் இந்த வீட்டில் இனி அளக்கப் போவதில்லை. அது வலித்தது. இந்த முறை வலிப்பது தெரிந்தது. ஆழாக்கை மறுபடி மூட்டைக்குள் விட்டேன். மூன்று. நான்கு.

சாம்சன் வேலைக்குக் கிளம்பி வந்தவர் வாசல்படியில் நின்று முறத்தைப் பார்த்தார். முகத்தில் பயம் தெரிந்தது.

"ஏம்மே, மறுபடியும் கை மறந்துடுச்சா?"

"இல்ல" என்றேன். "ஞாபகத்தோடதான் அளக்கறேன்."

இரண்டு ஆழாக்கை வாளியில் கொட்டினேன். பிறகு எங்கள் பங்கிலிருந்து ஒரு பிடி அள்ளினேன். கையை மூடிக்கொண்டேன். பெரிய ஆறுதல் ஒன்றும் வந்துவிடவில்லை, உள்ளே இன்னும் பாதி மரத்துத்தான் கிடந்தது. ஆனால் மே மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகக் கேட்பதற்கு ஒன்று இருந்தது.

"ஆண்டவரே, அந்த எல்லப்பனுக்கு வயிறு நோவாம பாத்துக்கோ. வாய் ரொம்ப நீளம். இருந்தாலும் பாத்துக்கோ."

ஆமென் சொல்லிவிட்டு அரிசியைக் களைந்தேன்.